தைராய்டு ஏன் வந்தது? காரணம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) 8 என்று வந்துவிட்டால் போதும், அன்று மாலைக்குள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிடுவார்கள். பாக்கெட் உப்புதான், முட்டைக்கோஸ்தான், டென்ஷன்தான், ராத்திரி கண் முழித்து போன் பார்ப்பதுதான். காரணத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. உப்பை மாற்றுகிறார்கள், மாத்திரையை நிறுத்துகிறார்கள், யாரோ சொன்ன கேப்ஸ்யூலை வாங்கிப் போடுகிறார்கள். பாதிக்கப்படுவதும் கொஞ்சம் பேர் இல்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் பெரியவர்களைச் சோதித்ததில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரியவந்தது.

முதலில் உப்பைப் பேசிவிடலாம், ஏனென்றால் அதிகமான தவறு நடப்பது இங்கேதான். தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை அயோடினை வைத்துத்தான் செய்கிறது, டி4 என்ற ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. இது கிடைக்காத ஊர்களில் கழுத்து வீங்கிக் கழலை வரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சி குறையும். இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1950-களில் டாக்டர் ராமலிங்கசாமியும் அவர் குழுவும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை கண்கூடாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது.

"அயோடின் உப்பு வந்த பிறகுதான் எல்லாருக்கும் தைராய்டு வருது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு துளி உண்மை உண்டு. நெடுங்காலம் அயோடின் இல்லாமல் இருந்த மக்களுக்கு அது திடீரெனக் கிடைக்கும்போது, சிலருக்குத் தைராய்டு அழற்சி கொஞ்சம் கூடுவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதைக் காட்டி அயோடினையே நிறுத்துவது பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குவது. முக்கியமாக, குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் இருக்கும் வீட்டில் முழுக்க இந்துப்புக்கும் அயோடின் இல்லாத கல் உப்புக்கும் மாறிவிடாதீர்கள். இந்துப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் தேவைக்கு எட்டாது. 2018-19-ல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் சுமார் 62 சதவீதம்தான், நாட்டின் சராசரியோ 76-ஐ ஒட்டி. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவிக்கிற மாநிலம் இப்படிப் பின்தங்கியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தைராய்டு என்றாலே அயோடின் குறைவு என்று முடிவு கட்டி, கடற்பாசி மாத்திரைகளை ஆன்லைனில் வரவழைப்பது. தேவைக்கு மேல் அயோடின் போனாலும் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே அழற்சி இருக்கும் சுரப்பி அதிலிருந்து மீளாமலும் போகலாம்.

சரி, அயோடின் உப்பு கிடைக்கும் ஊர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான காரணம்தான் என்ன? ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-ல் விவரித்த நோய் இது. வேலியே பயிரை மேய்வது போல, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது, வருடக்கணக்கில், வலியே இல்லாமல். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அம்மாவுக்கோ சித்திக்கோ தைராய்டு இருந்தால், குடும்பத்தில் டைப் 1 சர்க்கரை நோயோ வெண்புள்ளியோ இருந்தால் வாய்ப்பு கூடும். இதைக் கண்டுபிடிக்க ஆன்ட்டி டிபிஓ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. காரணம் தெரிய ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும், அந்த எண்ணைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றுவதில்லை என்பதால் மூன்று மாதத்துக்கொரு முறை அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. "நீ நேரத்துக்குச் சாப்பிடல, உடம்பைப் பாத்துக்கல, அதான் வந்துச்சு" என்று அந்தப் பெண்ணையே குற்றவாளி ஆக்குவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் செய்த எதனாலும் வந்ததில்லை இது.

அப்புறம், குறைவாகச் சுரப்பதையும் அதிகமாகச் சுரப்பதையும் ஒன்றாகக் குழப்புவது. அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயிலும் எதிர்ப்புச் சக்திதான் காரணம், ஆனால் அங்கே அது சுரப்பியைத் தூண்டிவிடுகிறது. எடை இறங்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குக் கண் பிதுங்கும். புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கண் பாதிப்பு மோசமாகிறது. பக்கத்து வீட்டு அக்காவும் "தைராய்டுதான்" என்று சொல்லி அவருடைய மாத்திரையை வாங்கிப் போட்டால், இந்த நோய் உள்ளவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்கள் சமைத்துப் பொரியலாகச் சாப்பிடும் அளவால் சுரப்பி கெடாது. டென்ஷனும் அப்படித்தான், அதை மட்டும் காரணமாக வைத்துக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உடல் எடையைப் பொறுத்தவரை, தைராய்டு குறைவதால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய நீரும் உப்பும். 20 கிலோ ஏறியிருந்தால் வேறு காரணத்தையும் சேர்த்துத் தேட வேண்டும்.

பலர் யோசிக்கவே யோசிக்காத காரணங்கள் சில இருக்கின்றன. பிரசவமான ஒரு வருடத்துக்குள் வரும் தைராய்டு அழற்சி அதில் முக்கியமானது. முதல் சில மாதங்கள் படபடப்பு, தூக்கமின்மை, பிறகு அப்படியே சோர்வு, முடி கொட்டுதல், மனச்சோர்வு என்று மாறும். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் கடந்துபோய்விடுகிறார்கள், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியது. பலருக்கு இது ஒன்றரை வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது, அதனால் ஆயுள் முழுக்க மாத்திரை என்று முன்கூட்டியே பயப்படவும் வேண்டாம். ஆனால் பிரசவத்தில் மிக அதிகமாக ரத்தம் போனவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே பாதிக்கப்படலாம், அப்போது டிஎஸ்எச் நார்மலாகவே காட்டலாம், டி4 மட்டும் குறைந்திருக்கும். பால் சுரக்காமலும் மாதவிடாய் திரும்பாமலும் இருந்தால் டிஎஸ்எச் ஒன்றை மட்டும் பார்த்து "எல்லாம் நார்மல்" என்று திருப்தியாகிவிடக் கூடாது.

மருந்துகளும் காரணமாகலாம். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடலில் அது முழுதும் வெளிவருவதில்லை, வருகிற அளவே ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு. மனநல சிகிச்சையில் தரும் லித்தியமும் தைராய்டு சுரப்பதைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் தைராய்டை அவ்வப்போது சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சில சமயம் கோளாறு சுரப்பியில் இல்லை, பரிசோதனையில் இருக்கும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்களுக்கு, சில வகைப் பரிசோதனைகளில் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும், கிரேவ்ஸ் நோய் என்றே தோன்றிவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, போட்டுக்கொண்டிருந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கடுமையான காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டையும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். டிஎஸ்எச் 5, 6 என்று லேசாகக் கூடியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது பலருக்கு இறங்கியிருக்கும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டும் டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போனால் நோய் முற்றிவிட்டதாக நினைப்பது இன்னொன்று. முதலில் காலை நேரத்தைப் பாருங்கள். மாத்திரையை விழுங்கி ஐந்து நிமிடத்தில் ஃபில்டர் காபி குடித்தால் மருந்து சரியாக உள்ளே சேராது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம்.

கடைசியாகப் பச்சிளம் குழந்தைகள். சிலருக்குப் பிறக்கும்போதே சுரப்பி இருக்காது, அல்லது இடம் மாறியோ சின்னதாகவோ இருக்கும், அல்லது ஹார்மோன் செய்யத் தெரியாது. குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும், அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுவிடும். பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்துக் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும், இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்வார்கள். இந்தப் பரிசோதனையை எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாகச் செய்வதில்லை, டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.