டப்பாவின் பின்பக்கமும் குடல் பாக்டீரியாவும்

ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பால், சர்க்கரை, தாவர எண்ணெய் எல்லாம் முடிந்தபின் ‘எமல்சிஃபயர், ஸ்டெபிலைசர்’ (எண்ணெயும் நீரும் பிரியாமல், பதம் கெடாமல் வைத்திருப்பவை) என்று பொடி எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஐ.என்.எஸ். எண்கள், அதாவது உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான சர்வதேச எண்கள், வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 466, 433 இரண்டையும் முதலில் தேடுங்கள்.

466 கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், 433 பாலிசார்பேட் 80. குடல் சுவரின் மேல் பாக்டீரியாவை எட்ட நிறுத்தும் சளிப்படலம் ஒன்று உண்டு. இவற்றைத் தின்ற எலிகளுக்கு அந்தப் படலத்துக்குள் பாக்டீரியா புகுந்து லேசான அழற்சி உண்டானதை 2015இல் கண்டார்கள். 2022இல் வெளியான மனித ஆய்வில், தினம் 15 கிராம் 466 சாப்பிட்டவர்களுக்கு 11 நாளில் பாக்டீரியா வகைகள் குறைந்தன. 15 கிராம் என்பது வழக்கமாக நம் வயிற்றுக்குள் போவதைவிட மிக அதிகம். ஆகவே எப்போதோ சாப்பிடும் ஐஸ்கிரீமுக்குப் பயப்பட வேண்டாம்; தினமும் வாங்கும் பிரெட்டிலோ சாஸிலோ இந்த எண் இருந்தால் பிராண்டை மாற்றுங்கள்.

எண் என்றாலே விஷம் என்பது வாட்ஸ்அப் அறிவு. 412 என்பது கொத்தவரை விதைப் பிசின், 440 பெக்டின். இரண்டும் பாக்டீரியாவே புளிக்கவைத்து உண்ணும் நார்தான். அப்படிப் புளிக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள்.

நாருக்குக் கணக்கு: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது தினம் குறைந்தது 25 கிராம். வெந்த கொண்டைக்கடலை 160 கிராமில் மட்டும் சுமார் 12 கிராம் கிடைத்துவிடும். பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் வாரம் கால் கிண்ணம் போதும். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். பாக்டீரியாவுக்குத் தீனியும் அதுவேதான் என்பதால், வயிறு பழகியபின் அளவைக் கூட்டுங்கள்.

இன்யூலின் (பாக்டீரியா புளிக்கவைக்கும் இன்னொரு தாவர நார்) பொடி வாங்குபவர்கள் டப்பாவில் போட்ட முழு அளவோடு தொடங்கி, மூன்றாம் நாள் உப்புசத்தோடு நிறுத்திவிடுவார்கள். முதல் வாரம் 2 கிராம், அடுத்த வாரம் 4 என்று ஏற்றுங்கள். தராசில் நிறுத்துப் போடுங்கள். வயிறு இறுகினால் முந்தைய அளவுக்கு இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள். நாரைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுவது உண்மை, ஆனால் 100 கிராமுக்கு ஓரிரு கிராம்தான். அதற்காகச் சோற்றை வெளியிலேயே விடாதீர்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் வளர்ந்தால், அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்கு இன்யூலின், வெங்காயம், பூண்டு மூன்றும் வலியைக் கிளப்பக்கூடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் பொடியை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.