வெளிச்சட்டங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட் பிடித்துக்கொள்ளாமல் மாட்டுவது எப்படி?

மரப் பந்தல் ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டில் நட் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் மின்கருவியான இம்பாக்ட் டிரைவரை இன்னும் அழுத்தினேன். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை, தொட்டபோது விரல் சுட்டது. ஹாக்ஸா பிளேடால் அறுத்தெடுத்துப் பார்த்தால், மரையின் பள்ளங்களில் பளபளப்பான உலோகம் கிழிந்து அப்பியிருந்தது. துரு துளியும் இல்லை.

துருதான் நட்டைப் பிடித்துக்கொள்கிறது என்று பலரும் எண்ணுகிறோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நடப்பது வேறு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த இந்த எஃகின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. முறுக்கும்போது ஏற்படும் அழுத்தத்திலும் உராய்விலும் அது கிழிந்தால், அடியிலுள்ள வெற்று உலோகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்ததைப் போல ஆகிவிடுகின்றன. ஆகவே தடுப்பு வேலை முழுவதும் நட்டை முறுக்குவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் போல்ட் தேர்வு. தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் உப்புக்காற்றை மேலும் தாங்கும் 316 வகை என்று கொள்ளலாம். கடலோரமாயின் நட், போல்ட் இரண்டும் ஏ4 ஆகவே இருக்கட்டும். மற்ற இடங்களில் ஏ4 போல்ட்டுக்கு ஏ2 நட் போடுவது, ஒரே வகையைச் சேர்ப்பதைவிட ஓரளவு பாதுகாப்பானது. நெருக்கமான மரையை விட்டு, எம்10-க்கு 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட வழக்கமான மரையையே வாங்குங்கள்.

அடுத்து, நட்டை விரலால் மரை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது தடுத்தால், ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ்ஷால் மணலையும் உலோகத் தூளையும் நீக்குங்கள். சாதாரண இரும்பு பிரஷ் தன் துகள்களை விட்டுச்சென்று பிறகு துருக்கறையை உண்டாக்கும்.

மூன்றாவது, பசை. இது ஒட்டும் பசை அல்ல, மரைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் என்ற மசகுப் பசை. அதிலும் நிக்கல் கலந்ததை மட்டுமே நான் நம்புகிறேன். செம்பு கலந்ததும் வேலை செய்யும், ஆனால் அலுமினியச் சட்டத்தைத் தொட்டால் அரிப்பைத் தூண்டும். ஸ்ப்ரே எண்ணெய் அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். போல்ட்டின் மரைப்பள்ளங்கள் நிறையும்படியும், நட் அமரும் வாஷரின் முகத்திலும் பசையைத் தடவுங்கள். தடவிய பின் குறைந்த முறுக்கிலேயே அதிக இறுக்கம் கிடைக்கும் என்பதால், உலர்ந்த மரைக்கான டார்க் (முறுக்குவிசை) அளவைப் பயன்படுத்தாமல், பசை தயாரிப்பாளர் தரும் அளவையே பின்பற்றுங்கள்.

என்னைத் தடுமாற வைத்தது அடுத்த படிதான். விலகி நின்ற இரு மரத்துண்டுகளை நட்டை முறுக்கியே நெருக்க முயன்றேன். அதனால் நட் முழுச்சுமையோடு நீண்ட மரை நெடுகிலும் உராய்ந்து ஓடியது. இப்போது முதலில் கிளாம்ப் போட்டு இடைவெளியை மூடிவிட்டு, பிறகு கை ஸ்பேனரால் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி முறுக்குகிறேன். வேகம்தான் வெப்பத்தைக் கொண்டுவருகிறது. இம்பாக்ட் டிரைவரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

முறுக்கும்போது திடீரென்று கனத்தால் உடனே நிறுத்துங்கள். சூடு ஆறியதும் சில சொட்டு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக் கழற்றுங்கள். வராவிட்டால் நட்டை அறுத்துவிட்டு அந்தப் போல்ட்டையும் மாற்றிவிடுங்கள். ஒருமுறை கிழிந்த மரை மறுபடியும் பிடிக்கும்.

பின்சேர்க்கை: பசை தடவியும் நைலாக் நட் பிடித்துக்கொண்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உள்ளிருக்கும் நைலான் வளையம் உராய்வைக் கூட்டுவதோடு, மரையிலுள்ள பசையை வழித்தும் விடுகிறது. அங்கே கூடுதல் பசையும் இன்னும் மெதுவான முறுக்கும் தேவை. போல்ட்டையும் அளவாக எடுத்து, வளையத்திற்கு வெளியே இரண்டு மூன்று மரைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.