கிறிஸ்தவ நம்பிக்கை பற்றிய கேள்விகளுக்கு மறுமொழி சொல்லும் முறை: சேலத்துச் சபையாருக்கான வழிகாட்டி

சேலத்தில் கிறிஸ்தவரின் நம்பிக்கையைப் பற்றி யாரும் மேடை போட்டு வாதத்துக்கு அழைப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றுவைத்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். அம்மாப்பேட்டையில் மின்சாரம் போய்த் தறி நின்ற நேரத்தில் கேட்கிறார்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் பறித்த காப்பிப் பழத்தை எடை போடக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள். கேட்பவர் நாளைக்கும் நம் பக்கத்தில் உட்காரப் போகிறவர் என்பதால், அவரை வாயடைக்கச் செய்யும் பதிலால் ஒரு பயனும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டு வந்தாலும் குலையாமல் நிற்கிற பதில்தான் வேண்டும். பேதுருவின் முதல் நிருபம் 3:15 விசாரிக்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அதைச் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ செய்யவும் சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம்.

பதில் சொல்லும் முன், கேள்வி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுக் கேட்பவருக்கும், தங்கை மதம் மாறியதால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை அற்றுப்போய்க் கேட்பவருக்கும் ஒரே விடையைக் கொடுக்க முடியாது. அதற்கு அடுத்ததாக, இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையாகிற விதி ஒன்று உண்டு. ஒரு செய்தியை எடுத்தால் நமக்குச் சாதகமான பாதியோடு பாதகமான பாதியையும் சேர்த்தே எடுக்க வேண்டும், முடிந்தால் பாதகமானதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

‘இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்’ என்பதில் இந்த விதியைச் சோதித்துப் பார்க்கலாம். அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் வந்தார் என்று சொல்லித் தொடங்குவது பலரின் வழக்கம். அது பழமையான மரபு. மரபு என்றே சொல்லுங்கள், கல்வெட்டுச் சான்று உள்ளதுபோலப் பேசாதீர்கள். எழுத்துச் சான்று வேண்டுமென்றால், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு அளித்த செப்பேடு இருக்கிறது. நம் ஊரைப் பற்றியே சொல்லவும் செய்தி உண்டு. தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது 1792இல், திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு. அதாவது, கம்பெனி ஆட்சிக்கு 169 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செய்தி இங்கே பேசப்பட்டுவிட்டது. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவை 1708இல் சிறையில் அடைத்தவரும் டேனிஷ் ஆளுநர்தான். கம்பெனியும் 1813 வரை மிஷனரிகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்ததில்லை.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். தெ நொபிலியே இத்தாலியர். 1813க்குப் பிறகு ஆங்கிலேய ஆட்சியின் நிழலில் சபைகள் நிலமும் பாதுகாப்பும் செல்வாக்கும் பெற்றன. இதை நாமே சொல்லிவிட்டால், கேட்பவர் அதை ஆயுதமாக எடுக்க வேண்டிய தேவை இருக்காது.

தெ நொபிலியின் பெயரை எடுத்தவர் அடுத்த கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அதே பெயர் நம்மேலேயே திரும்பி வரும். பட்டறையில் அந்தக் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் வரும்: “எங்க பக்கம் சாதி இருக்குதுன்னு பேசறீங்க, உங்காளுங்க கல்லறையிலயே நடுவுல சுவர் இருக்குதாமே, அதென்னங்கண்ணா?” கிறிஸ்தவரான உயர்சாதியாருக்குத் தெ நொபிலி பூணூலையும் குடுமியையும் அனுமதித்தார், 1623இல் ரோமும் அதற்கு இசைந்தது. அவர் காலத்திலேயே, 1640 முதல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். சீர்திருத்த சபைகள் இதில் மேல் என்று நினைத்துவிட வேண்டாம். லுத்தரன் ஆலயங்களில் சாதிவாரியாக இருக்கை பிரிந்திருந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு முதல் சொல் ‘ஆம்’ என்பதாக இருக்க வேண்டும். “அதெல்லாம் அந்தக் காலம்” என்று தொடங்குவது பொய். திருமண வரன் பார்க்கும்போது நம் வீடுகளில் முதலில் எதைக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும். அந்த ‘ஆம்’ நம் வாயிலிருந்து வந்த பிறகே, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்கிற கலாத்தியர் 3:28ஐயும், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் தருவதை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கண்டிப்பதையும் சொல்ல நமக்கு வாய் இருக்கும். சபையைக் குற்றவாளியாக்குகிற வசனம் அதே சபையின் வேதத்தில் இருக்கிறது, ஞாயிறுதோறும் அந்தச் சபையிலேயே வாசிக்கப்படுகிறது. மறுமொழியின் மையம் இதுதான். அதற்கு மேல் பேசுவதைவிட, தன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது நல்ல பதில்.

‘காசுக்கும் பால்பவுடருக்கும் மாறியவர்கள்’ என்ற ஏளனத்தைச் சாதிக் கேள்விக்கு அடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும். பஞ்ச காலங்களில் கஞ்சி கிடைத்த இடத்தை நோக்கி மக்கள் வந்தது உண்மை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. சோறு போட்டவர்களோடு சேர்ந்தவர்களைப் பார்த்து வயிறு நிறைந்தவர்கள் சிரிப்பது எனக்கு அழகாகப் படவில்லை. இன்றைய நிலை வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே இன்று தலித் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் சட்டப்படி சலுகையை இழக்கிறார். சலுகைக்காக மாறினார் என்று சொல்பவரிடம் இந்த ஒரு செய்தியை அமைதியாகச் சொல்லுங்கள். சட்டத்தின் மறுபக்கத்தையும் தெரிந்து வைத்திருங்கள்: அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமை தருகிறது, ஆனால் மற்றொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஜெபித்தால் கடன் தீரும், வழக்கு ஜெயிக்கும் என்று நம் ஆட்களில் சிலர் துண்டறிக்கை அடிப்பதும் ஆசைகாட்டுவதுதான். அதை நாமே கண்டிக்காதவரை இந்தக் கேள்வி நம்மை விடாது.

‘பைபிளைத் திருத்திவிட்டார்கள்’ என்பதற்கு விடை சொல்வது தமிழருக்கு எளிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் படிக்குப் படி சொற்கள் மாறும் பாடபேதம் என்பது நமக்குப் பழக்கமான செய்தி. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டே மூலத்தைத் தீர்மானித்தார். ஏடுகள் வேறுபட்டன என்பதற்காகத் திருத்தக்கதேவர் எழுதவே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளே ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. படிகள் மிகுந்தால் வேறுபாடுகளும் மிகும், அந்த வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் வழியும் மிகும். 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை தெரிந்திருந்த எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. எழுத்து வேறுபாடுகள் இருந்தாலும் நூல் அதே நூல்தான். இங்கும் பாதகமான பாதியை மறைக்காதீர்கள். மாற்கு 16ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றி யோவான் எட்டாம் அதிகாரத்தில் வரும் பகுதியும் மிகப் பழைய படிகளில் இல்லை. இதைச் சபையில் யாரும் சொல்லித்தராததால், நம் இளைஞர்கள் யூடியூபில் முதன்முதலாகக் கேட்டு அதிர்ந்துபோகிறார்கள். வேதபாட வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தால் அந்த அதிர்ச்சி இராது.

இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்பவரோடு அதிக நேரம் செலவிட வேண்டாம். பிலாத்துவின் காலத்தில் அவர் கொல்லப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார், அவருக்குக் கிறிஸ்தவர்கள்மேல் துளியும் பிரியம் இல்லை. உயிர்த்தெழுதல் வேறு வகைக் கேள்வி. அதை வரலாறு நிரூபித்துவிட்டது என்று சொல்லாதீர்கள். சாட்சிகளைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 15இல் எழுதியது நிகழ்வுக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள்தான் என்பது வரலாறு. அந்தச் சாட்சிகளை நம்புவது விசுவாசம். அறிவியல் பற்றிய கேள்விக்கு, பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்று சொன்னாலே பேச்சு நல்ல திசையில் திரும்பும்.

ஆடி மாதத்தில் கேள்வி தட்டில் வந்து நிற்கும். கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து வாசலில் நிற்பார். “சாத்தானுக்குப் படைத்தது, வேண்டாம்” என்று சொல்வதை யாரும் விசுவாசம் என்று எண்ணிவிடக்கூடாது, அது வாசலில் நிற்பவரை அவமதிப்பது. பவுல் இதைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை), உண்பவரின் உரிமையைவிடப் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனச்சாட்சிக்கே அதிக இடம் கொடுக்கிறார். சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். உண்பதில்லை என்று முடிவு செய்தவர், “அக்கா, சாமிக்கு வைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உட்காருங்கள், காப்பி குடித்துவிட்டுப் போகலாம்” என்று நேராகச் சொல்லலாம். வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொட்டுவது மட்டும் கூடாது. அடுத்த வீட்டுப் பையன் பார்த்துவிடுவான்.

‘கடவுள் இருந்தால் எனக்கு ஏன் இது நடந்தது?’ என்பதை மற்றக் கேள்விகளோடு சேர்க்கவே கூடாது. அரசு மருத்துவமனை வார்டுக்கு வெளியே, ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இதைக் கேட்டால், அவர் விளக்கம் கேட்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது, கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டிக்கிறார். பாவத்தின் சம்பளம், விசுவாசக் குறைவு, பெரிய திட்டம் என்ற எந்தச் சொல்லும் அந்த நேரத்தில் வேண்டாம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்தகத்து வரிசையில் நில்லுங்கள். வாரங்கள் கழித்து அவராகவே மறுபடியும் கேட்டால், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசு சொன்னதை (லூக்கா 13) வாசித்துக் காட்டலாம். துன்பத்துக்குக் காரணத்தை வேதம் முழுமையாகச் சொல்லவில்லை. தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் கேட்டவரைத்தான் அது காட்டுகிறது. அதற்கு மேல் நமக்குத் தெரிந்ததுபோல நடிப்பதில் பொருளில்லை.

கடைசியாக வருவது பெரும்பாலும் மிகவும் கடினமானது. எம்மதமும் சம்மதம் என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சற்று நிறுத்தி, “அப்போ எங்க பாட்டி நரகத்துக்குத்தான் போனாங்களா?” என்று கேட்பார். இயேசுவே வழி என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் மழுப்ப வேண்டாம். மழுப்பினால் அவருக்கும் தெரிந்துவிடும். ஆனால் பாட்டிக்குத் தீர்ப்பு எழுதும் வேலை நமக்குத் தரப்படவில்லை. நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியாரின் இருதயத்தில் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் இரண்டாம் அதிகாரம் பேசுகிறது. தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாது போய், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடியவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. சீர்திருத்த சபைகளில் இதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லலாம். முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானுக்குப் போனபோது, அங்கே புதிதாக நம்பிக்கைக்கு வந்தவர்கள் தங்கள் முன்னோரைப் பற்றி அழுதுகொண்டே இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களுக்கு விடுதலை இல்லை என்று தாம் பதில் சொன்னதை அவரே 1552இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாமும் அதையே சொல்ல வேண்டியதில்லை. சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்ட கேள்வியை ஆதியாகமம் 18இலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டு, “பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள், எப்படிப்பட்டவர்?” என்று கேளுங்கள்.