வருஷக்கணக்கில் நின்ற பழைய புல்லட்டை ஓட வைப்பது எப்படி?

மாடிப்படிக்குக் கீழே பத்துப் பதினைந்து வருஷமாகச் சாக்கு போர்த்திக் கிடக்கும் புல்லட்டைப் பார்த்தால் ஒரு கிக் அடித்துப் பார்க்கத்தான் கை கால் துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். நம் சென்னைக் கடல் காற்றுக்கு சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும், வேகமாக உதைத்தால் ரிங் உடைந்து சிலிண்டர் உட்சுவரில் கோடு விழும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும். இங்கே நான் சொல்வது திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் 350 சிசி புல்லட் பற்றி.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்சியைத் தேடி எடுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்டிஓவில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஒரு தடவைக்கு 5 வருஷம். இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

சரி, இப்போது இன்ஜின். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, நாலாவது கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா, இன்னும் ஊறட்டும். அப்போதும் பிடிவாதமாக நின்றால் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஆயில் விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் கேஸுக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி நீண்ட நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் பக்கம் இறங்கிவிடும், டிப்ஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது, காலியாகிவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றினால் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் பீய்ச்சிக்கொண்டு வரும். அதனால் டேங்க், கிராங்க் இரண்டின் டிரெய்ன் நட்டையும் கழற்றி முழுக்க வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றுங்கள். வடிந்தது பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கியர்பாக்ஸையும் செயின் கேஸையும் சேர்த்துத் திறந்து பாருங்கள்.

பெட்ரோல் டேங்கில் கொஞ்சம் நட்டு போல்ட்டும் வினிகரும் போட்டு ஊற வைத்துக் குலுக்கினால் துரு உதிரும். கழுவியதும் நன்றாகக் காயவைத்து உடனே உள்ளே ஆயில் சுற்றிவிடுங்கள், இந்த ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரி போதும் மறுபடி சிவப்பதற்கு. கார்புரேட்டர் ஜெட்டைக் குத்தக் கம்பி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய பெட்ரோல் ஓஸ் குழாயையும் ரப்பர் வாஷரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கரண்டு பக்கம் முதலில் எலி கடித்த வயரைத் தேடுங்கள். ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் காண்டாக்ட் பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பேட்டரியும் கண்டென்சரும் புதிதாகவே இருக்கட்டும். சாமான் புதிதாக வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசு என்றால் புதுப்பேட்டை. அங்கே போகும்போது கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள், வாயால் விளக்கி வாங்கிய சாமான் பெரும்பாலும் பொருந்தாது.

பிரேக் ஷூ, கேபிள்கள், டயர் மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது. டயரில் தேயாத பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2309 என்றால் 2009-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். அவ்வளவு பழைய டயரைத் தூக்கிப் போடுங்கள்.

இப்போது கிக். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக நிற்கும் இடத்தில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து ஒரு சின்ன அழுத்து, விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை. ஸ்டார்ட் ஆனதும் ஹெட்டில் வால்வை இயக்கும் ராக்கருக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஆயில் கசியாவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பம்பைப் பாருங்கள்.

தெருவில் இறங்கும்போது மறக்காதீர்கள், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. மவுண்ட் ரோடு டிராஃபிக்கில் போய் இதைப் பழக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பக்கத்துத் தெருக்களில் சுற்றுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். பெயின்டெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.