தூங்கும் முன் கேட்க ‘சோலஸ்’
1996-இல் மேடையேறிய ‘லார்ட் ஆஃப் தி டான்ஸ்’ நடன நிகழ்ச்சிக்கு இசையமைத்தவர் அயர்லாந்தின் ரோனன் ஹார்டிமன். அவரது ‘சோலஸ்’ ஆல்பம் அதற்கு நேர்மாறு. நிதானமாக மனதை வருடும்.

இசைச் செயலியில் தேடும்போது அவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். சோலஸ் என்றே ஓர் ஐரிஷ்-அமெரிக்க இசைக்குழுவும் இருக்கிறது. ஆல்பத்தைத் திறந்ததும் ஷஃபிள் (வரிசையைக் கலைத்து ஒலிப்பது), ஆட்டோபிளே (ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு இசையைத் தொடர்வது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இதுதான் முக்கியம்: இல்லாவிட்டால் ஆல்பம் முடிந்ததும் செயலி அவரது நடன இசைக்குத் தாவிவிடக்கூடும், தடதடவென்ற தாளத்தில் வந்த தூக்கமும் போய்விடும்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம். அடிநாதம் கேட்காது, மேல்ஸ்தாயி மட்டும் துருத்தும். வெளி ஸ்பீக்கரிலும் உறுத்தினால் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். இசையைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமர் 45 நிமிடம் போதும்.