அடம்பிடிக்கும் கினிப்பன்றிக்கு உணவூட்டும் முறை

வீட்டில் செல்லமாக வளர்க்கும் சிறு கொறிவிலங்கான கினிப்பன்றி தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், புதிய காயைத் தேடுவதற்கு முன், அது புல்லைத் தின்கிறதா என்று பாருங்கள். ஏனெனில் அதன் உணவில் ஏறத்தாழ 80 விழுக்காடு உலர்புல்லாக இருந்தால்தான், வாழ்நாள் முழுதும் வளரும் பற்கள் தேய்ந்து, குடலும் ஓயாமல் இயங்கும். காங்கேயத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல் நம் பக்கம் எளிதில் கிடைக்குமெனினும், பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லையே, மருந்து தெளிக்காத இடத்தில் பறித்து, நிழலில் உலர்த்தித் தருவதை நான் விரும்புவேன்.

மனிதரைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி சத்தை உருவாக்காது. ஆகவே நாள்தோறும் ஒரு துண்டு குடைமிளகாய் வேண்டும். அதை மறுத்தால், விரும்பித் தின்னும் கொத்தமல்லித் தழையோடு பொடியாக நறுக்கிக் கலந்து, பசி மிகுந்த காலை வேளையில் வைத்து, ஒரே காயை இரண்டு வாரமேனும் சலிக்காமல் கொடுத்துப் பழக்குங்கள். இளமையில் அறியாத உணவை அது எளிதில் ஏற்பதில்லை. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. சிறுநீர்க்கல் உண்டாகக்கூடும் என்பதால் தினமும் ஆகாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு அறவே கூடாது.

பட்டினி போட்டுப் பணியவைக்க நினைக்காதீர்கள். அரை நாள் எதுவும் தின்னாவிட்டால் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு.