கெடு மூன்று மாதம்: வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்குப் புகார் எழுதுவது எப்படி

தொல்லை நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். எழுத்துப்பூர்வமான புகாருக்கு, வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அவகாசம் அவ்வளவுதான். பல முறை நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு அதை எழுத்தில் பதிந்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டலாம். அதற்கு மேல் முடியாது. மேற்கு வங்கப் பல்கலைக்கழக வழக்கொன்றில், 2023 ஏப்ரலில் நடந்ததற்கு டிசம்பரில் கொடுத்த புகார் காலம் கடந்தது என்றே 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹெச்.ஆரிடம் வாயால் சொல்லிவிட்டு, "பார்க்கலாம்மா" என்ற பதிலை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது.

இந்தச் சட்டம் தானாக வந்ததல்ல. 1992-ல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை பார்த்ததற்காக ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்டுப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்டில், வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்க வழிமுறைகளை வகுத்த விசாகா தீர்ப்பு வந்தது. அது சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 9-ல்தான். குழுவுக்குப் பெண் தலைமை, பாதிக்குக் குறையாமல் பெண்கள், மேலிடத்து அழுத்தத்தைத் தடுக்க வெளியாள் ஒருவர் ஆகிய மூன்றும் விசாகாவில் எழுதப்பட்டவை. உங்கள் அலுவலகக் குழுவில் வெளி உறுப்பினரே இல்லை என்றால் அதைச் சின்னக் குறையாக விட்டுவிடாதீர்கள். எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

புகார் யாரிடம் போக வேண்டும்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவிடம். ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர், தினக்கூலி, ஹவுஸ்கீப்பிங் பெண்கள் எல்லோருக்கும் இந்த உரிமை உண்டு. ஓ.எம்.ஆரில் நிறுவனம் அனுப்பும் இரவு கேப்கூடச் சட்டப்படி வேலையிடமே. தி.நகரில் நாலைந்து பேர் மட்டும் நிற்கும் கடை, அண்ணா நகரில் வீட்டு வேலை, அல்லது தொல்லை கொடுத்தவர் முதலாளியே என்றால் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். சென்னையில் இதற்கு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேளுங்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம்.

எழுதும் முறையில்தான் பல புகார்கள் வலுவிழக்கின்றன. "அவர் அடிக்கடி தவறாக நடந்துகொண்டார்" என்ற வரியை வைத்துக் குழு எதையும் விசாரிக்க முடியாது. "மார்ச் 4, மாலை 6.40 மணி இருக்கும். இரண்டாம் மாடி பேன்ட்ரியில் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டேன். வாசலில் நின்ற சக ஊழியர் பார்த்தார்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனி எண், தேதி, இடம், அவர் செய்தது, அவர் சொன்ன சொற்கள், நீங்கள் செய்தது, யார் இருந்தார்கள். கொச்சையாக இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நாகரிகம் கருதி மழுப்பினால் குற்றமும் சேர்ந்து மழுங்கும். நேரம் துல்லியமாக நினைவில்லை என்றால் "மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்றே போடுங்கள். ஊகித்து எழுதிய நேரம் வருகைப் பதிவோடு முரண்பட்டால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். அவர் என்ன நோக்கத்தில் செய்தார் என்று விளக்கத் தேவையில்லை: நோக்கத்தைவிட, அந்தப் பெண் விரும்பாத செயல் என்பதே முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுத முடியாதவருக்கு எழுதித் தர வேண்டியது குழுவின் கடமை.

ஆதாரத்தைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள். சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், தேதியும் இடமும் குறிப்பிட்டு அதைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கொடுக்க வேண்டியது ஆறு பிரதிகள், சான்றுகளோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும். ஏழாவதாக ஒன்றை வைத்துக்கொண்டு அதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் பிரதி போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவரையோ உங்களையோ வேறிடத்துக்கு மாற்றவும், மூன்று மாதம் வரை விடுப்புத் தரவும், உங்கள் பணி மதிப்பீட்டை அவர் எழுதாமல் தடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். நீங்கள் எழுத்தில் கேட்டால்தான் இது நடக்கும். ஆகவே புகாரின் கடைசிப் பத்தியிலேயே கேட்டுவிடுங்கள்.

"பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று குழு தானாகத் தொடங்கக் கூடாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. அப்போதும் பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. "நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேல்தான் நடவடிக்கை" என்ற மிரட்டலும் சகஜம். அது பொய். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. விசாரணைக்கு வக்கீலை அழைத்து வர இரு தரப்புக்கும் அனுமதியில்லை. காரணமின்றித் தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராமல் இருந்தால் குழு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விசாரணையை முடித்துவிடலாம். உடம்பு சரியில்லை என்றாலும் ஒரு மின்னஞ்சலாவது போட்டுவிடுங்கள்.

குழுவிடம் போனதால் காவல் நிலையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74 முதல் 79 வரையிலான பிரிவுகளில் வரும் குற்றமென்றால் பெண் காவல் அதிகாரியோ வேறொரு பெண் அதிகாரியோதான் புகாரைப் பதிய வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அவசரத்துக்கு 112, ஆலோசனைக்கு 181.

குழுவின் முடிவு சரியில்லை என்று நினைத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டுமே என்று பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழையுங்கள், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஏழாவது பிரதியோடு நேரில் போங்கள்.